மெக்கானிக் இருக்கும் வரைதான் வாட்ச்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. 1960களின் இறுதியில் வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து ஆய்வகம் தொடங்கினார். இன்று அவர் பெயரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் செயல்பாட்டுக்கு வந்தது. 1982-லேயே காலமாகிவிட்ட பாப்பு அதைப் பார்க்கவில்லை. பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு நட்சத்திரத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டுமென்றால் தொலைநோக்கியும் அதே வேகத்தில் கூடவே நகர வேண்டும். 20 விநாடி அது சும்மா நின்றால் போதும், நிலவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு தூரம் வானம் நழுவிவிடும்.

நன்றாகச் சர்வீஸ் செய்த ஒரு பழைய எச்.எம்.டி. ஜனதா வாட்ச் ஒரு நாளில் முந்துவதோ பிந்துவதோ ஏறக்குறைய அதே 20 விநாடிதான். காவலூரில் அது பெரும் பிழை. கையில் கட்டியிருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிளாட்பாரத்தில் விற்கும் குவார்ட்ஸ் வாட்ச்கூட ஜனதாவைவிடச் சரியாக நேரம் காட்டும். செல்போன் அதைவிடச் சரியாகக் காட்டும். அப்படியிருந்தும் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இளைஞர்கள் சாவி கொடுக்கும் வாட்சுகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். முதல் வருடம் வேகமாக வாங்குகிறார்கள். இரண்டாம் வருடம் பெட்டியைத் திறந்தால் இருபது வாட்ச் இருக்கிறது, அதில் ஓடுவது ஏழு. மீதியை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் சேகரிப்பு என்ற வேலை தொடங்குகிறது.

இந்த வேலையைத் தமிழ்நாட்டில் தொடங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நேரத்தின் கதை இங்கேயே கிடக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது 1792-ல். அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அந்த ஆய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்காம் 1802-ல் மெட்ராஸ் நேரத்தைக் கணித்தார்: கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். பிற்பாடு இந்தியாவின் பெரும்பகுதி ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906-ல் இந்தியப் பொது நேரம் வந்து, எட்டு நிமிடம் 46 விநாடியைக் கூட்டி, மெட்ராஸ் நேரத்துக்கு ஓய்வு கொடுத்தது. வானாய்வுப் பணி அதற்கு முன்பே, 1899-ல், கொடைக்கானலுக்குப் போய்விட்டது. அந்தப் பரம்பரையில் அடுத்து வந்ததுதான் காவலூர்.

மலையின் அடிவாரத்தில் வாணியம்பாடியும் ஆம்பூரும். தோலுக்குப் பேர்போன ஊர்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஓசூர், டைட்டன் தொழிற்சாலை. இன்னும் கொஞ்ச தூரத்தில் எச்.எம்.டி. பிறந்த பெங்களூரு. இந்திய வாட்சின் வரலாறு முழுவதையும் ஒரே நெடுஞ்சாலையில் பார்த்துவிடலாம்.

பிரதமர் வெளியிட்ட வாட்ச்

1961-க்கு முன் இந்தியர் கையில் இருந்ததெல்லாம் இறக்குமதி. 1865 முதல் பம்பாயில் கடை விரித்திருந்த ஃபாவ்ரே லூபா, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு வாட்ச் கொடுத்த வெஸ்ட் எண்ட் என்று சுவிஸ் பெயர்கள். தாத்தா காலத்துப் பீரோவைக் குடைந்தால் இந்த இரண்டில் ஒன்று அகப்படுவது இன்றும் சகஜம்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் தயாரித்தது. முதல் தொகுதியை 1961-ல் ஜவாஹர்லால் நேரு வெளியிட்டார். ஒரு பொதுத்துறை நிறுவனம் செய்த வாட்சுக்கு ஜனதா, ஜவான், பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. பெங்களூருக்குப் பின் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று தொழிற்சாலைகள் பெருகின. மொத்தம் 10 கோடிக்கும் மேல் வாட்ச் செய்த நிறுவனம் அது. ஊர்ப்பக்கம் கல்யாணப் பேச்சில் சைக்கிள், ரேடியோ வரிசையில் மாப்பிள்ளைக்கு வாட்சும் சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். தங்க நிறத்தில் வந்த தானியங்கி காஞ்சன், வரதட்சணைப் பட்டியலிலேயே இடம்பிடித்த வாட்ச்.

எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஜனதாவைவிட நல்ல பதில் இல்லை. அழகு ஒரு காரணம், விலை ஒரு காரணம். ஆனால் முக்கியமான காரணம், தமிழ்நாட்டின் எந்தப் பழைய மெக்கானிக்குக்கும் அதன் மெஷின் அத்துப்படி.

பின்மூடியை நெம்பித் திறந்தால் உள்ளே மிகையான வேலைப்பாடு எதுவும் தெரியாது. பட்டுநூல் தடிமனில் ஒரு ஹேர்ஸ்பிரிங், அதன் பிடியில் இடமும் வலமும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரம். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000. டயலில் எழுதியிருக்கும் 17 ஜுவல்ஸ் என்பது இந்த மெஷினுக்குள் ஆங்காங்கே தெரியும் சிவப்புக் கல். ஆலையில் செய்த மாணிக்கம்; உருவி எடுத்து விற்றால் டீச் செலவுக்குக்கூடத் தேறாது. உலோக அச்சு உலோகத்தில் உராய்ந்து தேயாமல் இருக்கத்தான் அந்தக் கல். பக்கத்தில் இருக்கும் பாராஷாக் என்ற வாசகத்துக்கும் உள்ளே ஒரு பொருள் உண்டு: பேலன்ஸ் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும் கல்லை ஒரு மெல்லிய ஸ்பிரிங் பிடித்திருக்கும். வாட்ச் கீழே விழுந்தால் கல் சற்று விலகி, அச்சைக் காப்பாற்றி, பழைய இடத்துக்கே திரும்பும். மெக்கானிக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு முதலில் தொட்டுப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். எண்ணெய் காய்ந்து மஞ்சளாகக் கட்டியிருந்தால் அடுத்த வார்த்தை, “முழுசாப் பிரிக்கணும் சார்.”

அப்படிப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, ஒவ்வொரு கல்லிலும் ஊசிமுனையளவு எண்ணெய் வைத்து மறுபடி பூட்டினால் அந்த மெஷின் இன்னும் பல வருடம் ஓடும். இரண்டு இறந்த ஜனதாவிலிருந்து ஒரு நல்ல ஜனதா எடுக்கலாம். உதிரிபாகம் கிடைக்காத அபூர்வ சுவிஸ் வாட்சை வாங்கி அலமாரியில் பூட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பலர் அடிக்கடி மறந்துவிடும் கணக்கு இது: உங்கள் சேகரிப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்பதை உங்கள் பர்ஸ் முடிவு செய்வதில்லை, உங்கள் மெக்கானிக் முடிவு செய்கிறார்.

நீல டயல் ஜாக்கிரதை

எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. செய்தி வெளியானதும் ஷோரூம்களில் கூட்டம். அதுவரை அலமாரியில் தூங்கிய ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் திடீரென மவுசு. மவுசு வந்த இடத்தில் போலி வராமல் இருக்குமா?

இங்கே போலி என்பது முழுப் பொய் அல்ல, பாதிப் பொய். உள்ளே அசல் எச்.எம்.டி. மெஷின், வெளியே புதிதாகப் பெயிண்ட் அடித்த டயல். சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. கண்ணைப் பறிக்கும் நீலம், ரோஜா நிறம், பச்சை என்று வரும். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நிமிடக் கோடும் மணி எண்ணும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. ‘ஜுவல்ஸ்’ என்ற ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி மாறி மாறி இருக்கும். வாட்ச் 1970களில் செய்தது என்பார்கள். டயலில் ஒரு சொட்டு மஞ்சள்கூட ஏறியிருக்காது. வயதான டயலுக்கு வயதின் நிறம் உண்டு. சற்று மங்கிய, ஓரத்தில் புள்ளி விழுந்த அசல் டயலுக்கு, பளபளக்கும் புது டயலைவிட அதிக விலை கொடுப்பது தெரிந்தவர்களின் பழக்கம். தொடக்கத்தில் இது மனத்துக்கு ஒப்பாது. மூன்று போலிக்கு ஏமாந்த பிறகு ஒப்பும்.

அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள நல்ல இடம் பெங்களூரு ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. பாரம்பரிய மையம். வாங்கும் முன் ஒரு நாள் அங்கே செலவழித்தால் பிற்பாடு பல ஆயிரம் மிச்சம்.

இன்னொரு எச்சரிக்கை உடம்பு சம்பந்தப்பட்டது. 1960களுக்கு முந்தைய ராணுவ வாட்சுகள் சிலவற்றில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியம். பூச்சின் ஒளிரும் சக்தி எப்போதோ செத்துவிட்டிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்ணாடி மூடியபடி கையில் கட்டிப் பார்ப்பதில் பெரிய பயமில்லை; கழற்றி, சுரண்டி, தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. வீட்டு மேஜையில் வைத்து ஸ்க்ரூடிரைவரால் நோண்டும் ஆசையை இந்த வாட்சுகளிடம் காட்ட வேண்டாம்.

ஓசூரில் ஒரு மில்லிமீட்டர் யுத்தம்

டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது டைட்டன். அதை முதலில் வழிநடத்திய செர்க்சஸ் தேசாய் அன்று எடுத்த முடிவு ஒரு சூதாட்டம் போலத் தெரிந்தது: சாவி கொடுக்கும் வாட்சை ஓரம் கட்டிவிட்டு, செல் போட்டால் ஓடும் குவார்ட்ஸில் முழுப் பணத்தையும் இறக்குவது.

உலகம் அந்தப் பாடத்தை ஏற்கெனவே கற்றிருந்தது. ஜப்பானின் சீகோ 1969 கிறிஸ்துமஸ் அன்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான அஸ்ட்ரானை விற்பனைக்கு வைத்தது. இன்றைய சாதாரண குவார்ட்ஸ் வாட்சில் படிகம் விநாடிக்கு 32,768 முறை துடிக்கும். ஜனதாவின் ஐந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் வாட்ச் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 90,000-லிருந்து மூன்றில் ஒரு பங்காகக் கரைந்தது. சாவி வாட்சை நம்பியிருந்த எச்.எம்.டி. சுதாரிக்கத் தாமதித்தது; டைட்டன் முந்திக்கொண்டது. எச்.எம்.டி.யில் தொழில் கற்ற கைகள் சில ஓசூருக்கு வந்தன என்பதும், தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை டைட்டன் எடுத்துப் பயிற்சி கொடுத்தது என்பதும் இந்தக் கதையில் தமிழர்கள் அதிகம் பேசாத பக்கம்.

சேகரிப்பாளர்கள் பலருக்குக் குவார்ட்ஸ் என்றாலே இளக்காரம். அந்த இளக்காரத்தை 2002-ல் ஓசூர் உடைத்தது. டைட்டன் எட்ஜ்: மெஷினின் தடிமன் 1.15 மில்லிமீட்டர், மொத்த வாட்சும் 3.5 மில்லிமீட்டர். தண்ணீரும் புகாது. அவ்வளவு மெல்லிய கூட்டுக்குள் செல், மோட்டார், பற்சக்கரம் எல்லாவற்றையும் படுக்க வைத்தது சாதாரண வேலை இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த பொருள் என்ற ஒரே காரணத்துக்காகவாவது ஒரு முதல் தலைமுறை எட்ஜ் ஒவ்வொரு தமிழ்ச் சேகரிப்பிலும் இருக்க வேண்டும். பத்து ஜனதா வைத்திருப்பவரிடம் ஒரு எட்ஜ் இல்லையென்றால் அவர் வாட்ச் சேகரிக்கவில்லை, ஏக்கத்தைச் சேகரிக்கிறார்.

குறைக்கும் கலை

இருபதை எப்படி ஏழாக்குவது? அனுபவஸ்தர்கள் ஒரு எளிய வழி சொல்கிறார்கள். எல்லா வாட்சையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கட்டும்போதெல்லாம் தேதி குறியுங்கள். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். ஒருமுறைகூடக் கைக்கு வராத வாட்சுக்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும்: ஒன்று அது யாரோ அன்பாகக் கொடுத்தது, அல்லது அது மலிவாகக் கிடைத்தது. முன்னதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னதை விற்றுவிடுங்கள்.

மலிவு என்பதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய வியாதி. சந்தையில் ஆயிரம் ரூபாய் வாட்ச் ஐந்து வாங்குபவர், ஐந்தையும் சர்வீஸ் செய்ய அதைவிட அதிகமாகச் செலவழிக்க வேண்டியிருக்கும் என்பதை அங்கே நினைப்பதில்லை. அதே பணத்துக்கு ஓடும் நிலையில், அசல் டயலோடு ஒரு நல்ல எச்.எம்.டி. பைலட் வாங்கியிருக்கலாம்.

ஒரு கேள்வியை மையமாக வைத்துக்கொண்டால் குறைப்பது எளிது. எச்.எம்.டி. மட்டும், அல்லது எச்.எம்.டி.யிலேயே ஜனதாவின் டயல் வகைகள் மட்டும். அல்லது இந்தியாவோடு தொடர்புள்ளவை மட்டும். கடைசி வகை நினைப்பதைவிட விரிந்தது. ஜப்பானின் சீகோவோடு சேர்ந்து வாட்ச் செய்த ஹைதராபாத் ஆல்வின் அதில் வரும். போலோ ஆடும்போது கண்ணாடி உடைகிறது என்று இங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் புலம்பியதைக் கேட்டு, முகத்தைத் திருப்பி வைக்கும்படி 1931-ல் வடிவமைத்த ஜேகர் லெகூல்ட்ர் ரிவர்ஸோ வரும்; விலைதான் கையைக் கடிக்கும். பழைய நாணயங்களை டயலாக்கும் ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனியும், நிருபேஷ் ஜோஷி, மெர்சி அமல்ராஜ் இருவரும் தொடங்கிய பெங்களூர் வாட்ச் கம்பெனியும் வரும். பின்னது விண்வெளித் திட்டத்தையும் மிக்-21 விமானத்தையும் கிரிக்கெட்டையும் வைத்து வாட்ச் செய்கிறது.

அந்த வாட்ச் யாருடையது என்ற சங்கதி விலையை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு இரண்டு ஏலம் சாட்சி. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-ல் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது; கவனமாக வண்டி ஓட்டச் சொல்லி மனைவி பின்மூடியில் பொறித்துக் கொடுத்த வாட்ச் அது. காந்தியின் ஜெனித் பாக்கெட் கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செருப்பு ஆகியவற்றோடு 2009-ல் நியூயார்க்கில் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எடுத்தவர் விஜய் மல்லையா. நம் வீட்டுத் தாத்தாவின் வாட்சுக்கு அந்த விலை வராது. ஆனால் பணிஓய்வு நாளில் அலுவலகம் பெயர் பொறித்துக் கொடுத்த வாட்ச், அதைக் கட்டியபடி அவர் நிற்கும் போட்டோ, கடை ரசீது மூன்றும் சேர்ந்திருந்தால் அது வெறும் வாட்சைவிட எப்போதும் ஒரு படி மேலே. பாலிஷ் போடுகிறேன் என்று அந்தப் பெயரைத் தேய்த்துவிடும் கடைக்காரரிடமிருந்து வாட்சைக் காப்பாற்றுவதும் சேகரிப்பாளரின் வேலைதான்.

பட்டையும் வேர்வையும்

நம் ஊர் வாட்சுக்கு முதல் எதிரி வேர்வை. பழைய ஜனதாவின் குரோமியப் பூச்சு, கை படும் பக்கத்தில் பொத்தல் பொத்தலாக உரிந்திருப்பது அதனால்தான். கடற்கரை ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் வாட்சுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டுவைப்பது நல்லது. குவார்ட்ஸ் வாட்ச் நின்றுவிட்டால் செல்லை உடனே எடுத்துவிடுங்கள். செல் கசிந்தால் மெஷின் போயே போச்சு.

பட்டைக்கு அலைய வேண்டாம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதனிடும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் உலகெங்கும் ஷூவாகப் போகின்றன. கைத்தொழில் தெரிந்த ஒருவர் அகப்பட்டால் 18 மில்லிமீட்டர் அகலத்தில் நேர்த்தியான பட்டை தைத்துவிடலாம். பழைய வாட்சோடு உடும்புத்தோல், பாம்புத்தோல் பட்டை வந்தால் மட்டும் கவனம். உடும்பு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். அந்தப் பட்டையை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

கடைசியில் எல்லாம் மெக்கானிக்கிடம்தான் வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருந்தவர்களில் பலர் செல்போன் ரிப்பேருக்கு மாறிவிட்டார்கள். மீதிப் பேர் செல் மாற்றியும் பட்டை மாற்றியும் காலம் தள்ளுகிறார்கள். ஹேர்ஸ்பிரிங்கை நிமிர்த்தத் தெரிந்த கை இன்று பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய கை. அவர் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரப்போவதில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பீரோவில் நின்றுபோன வாட்ச் ஒன்று இருந்தால், இந்த வாரமே உங்கள் ஊர்ப் பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். டயலில் கைவைக்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம், கழற்றிய பழைய பாகங்களைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.